துஷ்டி வீட்டுக்கு முருகன் அனுப்பிய கொத்தனார்

என் அம்மா நோயில் சாகவில்லை. எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து செத்தாள். போன ஆடியில், சாரல் விடாமல் பெய்த ஒரு காலையில். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன். முருகனை நம்புகிறவர்கள் பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில். குளியலறை வீட்டுக்குப் பின்னால். இரண்டு படி இறங்க வேண்டும். தரையில் கண்ணாடி மாதிரி டைல்ஸ், அண்ணன் ஆசைப்பட்டுப் போட்டது. "வழுக்குதுலே, மாத்துலே" என்று அம்மா எத்தனையோ தடவை சொன்னாள். யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. செத்த பிறகு எல்லோரும் விதி என்றார்கள். சொன்னதைக் கேட்காமல் இருந்துவிட்டு விதியாம்!

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்கவாதம் வந்ததில் அப்பாவுக்கு இடது கால் இழுக்கும். அம்மாதான் குளியலறைக்குப் பிடித்துக் கூட்டிப் போவாள்.

"அடுத்த அமாவாசைக்கு அப்பாவ சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். வீட்டப் பூட்டிருவோம்" என்றான் சென்னையில் வேலை பார்க்கிற அண்ணன்.

"மூணாவது மாடில என்னைய அடைச்சு வைக்கப் போறியாலே?" என்று அப்பா அழுதார்.

"படிய இடிச்சுச் சரிவாப் போடுவோம். தரைக்குச் சொரசொரப்புக் கல்லு, செவத்துல கம்பி. அப்பா அவாளாவே போய்க்கிடுவாவ" என்றேன்.

சித்தப்பா எகிறினார். "சாவு விழுந்த வீட்ல வருஷம் திரும்பாம கடப்பாரை போடுவியாட்டி? இன்னொண்ணும் விழணுமா?"

இரண்டு கொத்தனார்களைக் கூப்பிட்டேன். சாவுத் தீட்டு உள்ள துஷ்டி வீடு என்று அவர்களும் வர மறுத்தார்கள்.

அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆய்க்குடி முருகன் கோயிலுக்கு பஸ் ஏறினேன். துஷ்டிக்காரி, கோயிலுக்குள்ளும் போகக் கூடாதாம். தெருவில் நின்றே கத்தினேன். "எங்கம்மாவத்தான் எடுத்துக்கிட்ட. எங்கப்பாவயாவது அவரு வீட்ல இருக்க விடு. அத மட்டும் குடு!"

பக்கத்தில் ஒருவர் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் சிமெண்ட் அரித்த வெடிப்பு.

"யாரத் தாயி இந்த ஏச்சு ஏசுத?"

"உள்ள இருக்கவரத்தான் அண்ணாச்சி. துஷ்டி. உள்ள போவ முடியாது."

"எனக்கும் அதான். வீட்டுக்காரி போயி ரெண்டு மாசம் ஆவுது. புது வீட்டு வேலைக்கு ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்கான்."

"என்ன வேலை பாக்கிய?"

"கொத்தனாரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அங்கேயே அழுதேன். அழுதுகொண்டே எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லி வேலைக்குக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வந்து நின்றார். சித்தப்பா வாசலில் மறித்தார். "எங்க வீட்லயும் துஷ்டி, இங்கனயும் துஷ்டி. இதுக்கு மேல என்ன வேய் ஒட்டப் போவுது? தள்ளும்" என்று கொத்தனார் உள்ளே வந்துவிட்டார்.

முதலில் அவர் கடப்பாரையைத் தொடவே இல்லை. அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து எழும்பச் சொன்னார். எழும்பும்போது அப்பாவின் கை தானாகச் சுவரில் எங்கே போனதோ, அங்கே பென்சிலால் கோடு போட்டார். ஐந்தாறு தடவை பார்த்தார். "கம்பி இங்கனதான்" என்றார். நாலு நாளில் படி போய்ச் சரிவு வந்தது. சொரசொரப்புக் கல் வந்தது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார்.

அமாவாசைக்கு அண்ணன் வந்தான். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கம்பியைப் பிடித்துச் சரிவில் இறங்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் பயந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

"ஏலே, குளிக்கயில எவன்லே தட்டுதது? ஊருக்குப் போற பஸ்ஸப் பாரு!"

அண்ணன் அந்தச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மாவுக்காக அவன் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது அப்பா யார் துணையும் இல்லாமல் குளிக்கிறார். நான் நிம்மதியாகத் தையல் கடைக்குப் போகிறேன். முருகனுக்குக் கோடி நன்றி. அம்மா விஷயத்தில் அவர்மேல் கோபம் இருக்கிறது. அதையும் அவரிடமேதான் சொல்கிறேன்.

வீட்டில் வயசானவர்கள் ஒன்றை மாற்றச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். வழியே இல்லை என்றால் முருகனிடம் போங்கள். கும்பிட மனசு வராவிட்டால் ஏசிக் கேளுங்கள். எனக்குக் காது கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.