குலுக்கு டாக்டர்

எங்கள் அக்கா படித்து வாங்கிய பட்டங்கள் சுவரில் தொங்கின. ஊர் கொடுத்த பட்டம்தான் நிலைத்தது: குலுக்கு டாக்டர். தடுப்பூசி நாளில் புட்டியை எடுத்துக் குலுக்குவாள். ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். வெளியே குழந்தைகள் வீல் வீலென்று கத்தும், அம்மாக்கள் முணுமுணுப்பார்கள். அக்கா அசைந்து கொடுக்கமாட்டாள்.

அதே சுகாதார நிலையத்தில் நான் மருந்து கொடுப்பவள். தங்கை என்று சலுகை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். திட்டுதான் இரட்டிப்பாகக் கிடைத்தது.

விஷயம் இதுதான். சில தடுப்பு மருந்துகள் உறைந்துபோனால் செத்துவிடும். அப்படிச் செத்ததைக் குலுக்கி வைத்தால் திப்பிகள் சட்டென்று அடியில் இறங்கும், அதுதான் அடையாளம். செத்த மருந்தைப் போட்டாலும் குழந்தை அதே மாதிரிதான் அழும், அம்மாவும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போவாள். "மருந்து இல்லன்னு அனுப்பினா மறுபடி வருவா. செத்த மருந்தைப் போட்டு அனுப்பினா வரவேமாட்டாடி, நோய்தான் வரும்" என்பாள் அக்கா.

இளவயதில், தலைமை அலுவலகம் அனுப்பிய மருந்தைக் குலுக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியோடு திருப்பி அனுப்பினாள். மலைமேல் ஒரு நிலையத்துக்குத் தூக்கியடித்தார்கள். அங்கேயும் திருப்பி அனுப்பினாள். அப்புறம் கடலோரம், அப்புறம் எங்கெங்கோ. அத்தான் பாவம், சாமான் கட்டும் கயிற்றைத் தூக்கிப் போட்டதே இல்லை. அவிழ்த்ததும் சுருட்டிப் பத்திரமாக வைத்துவிடுவார், அடுத்த மாற்றலுக்கு.

அவளிடம் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு முதல் பாடம் ஊசி போடுவதல்ல, போட மறுப்பது. கையில் ஒரு புட்டியைக் கொடுத்துவிட்டு, அக்காவே பெரிய அதிகாரியாக மாறி மேஜையைத் தட்டிக் கத்துவாள்: "நேரமாச்சு, போடுங்கம்மா!" அவர்கள் "போட மாட்டேன், சார்" என்று சொல்ல வேண்டும். குரல் நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. நான் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

கடைசியாக வந்தவளுக்கு நாங்கள் வைத்த பேர் பூனை. வாயைத் திறந்தால் மியாவ் என்றுதான் சத்தம் வரும். அந்தப் பாடத்தில் அவள் ஒருமுறைகூடத் தேறவில்லை. ஓய்வுபெறும் மாதத்தில் அக்காவுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். "என் நாற்காலியில இவதான் உக்காரணும். முடியாதுன்னு சொல்ல இவளுக்கு வாய் வருமாடி?"

அந்த மாதத்தில்தான் புதுக் கட்டடத் திறப்புவிழா. சுகாதாரத் துறை இயக்குநர் வருகிறார், கேமராக்கள் வருகின்றன. விழாவன்று மருந்து சூடாகிவிடக் கூடாதே என்று பூனைக்கு ஒரே பதைப்பு. முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பைகளை, கல் மாதிரி இருந்தவற்றை, அப்படியே மருந்துப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டாள். பை வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பிய பிறகுதான் வைக்க வேண்டும். அக்கறை மிஞ்சிப்போனால் நாங்கள் செய்யும் தப்பு அது.

விழா காலையில் பூனை பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் குலுக்கி வைத்தாள். திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பிகள் மளமளவென்று அடியில் இறங்கின. ஃப்ரிட்ஜில் தேதி முடிந்து ஒதுக்கிவைத்திருந்த, உறையாத ஒரே புட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்கக் குலுக்கிப் பக்கத்தில் வைத்தாள். அதில் கலங்கல் சீராக நின்றது. சந்தேகத்துக்கே இடமில்லை. பூனையின் முகம் வெளுத்துவிட்டது. சொன்னால் தன் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை.

அதற்குள் இயக்குநர் கேமராக்களோடு உள்ளே வந்துவிட்டார். முதல் குழந்தை அம்மா மடியில் தயார். அக்கா ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புட்டிகளைப் பார்த்துவிட்டாள், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவளைக் கிள்ளலாம்போல் இருந்தது. பூனை ஊசியைக் கையில் எடுத்திருந்தால் அக்கா பாய்ந்து பிடுங்கியிருப்பாள், அது வேறு.

"என்னம்மா வேடிக்கை? போடுங்க" என்றார் இயக்குநர்.

"போட... முடியாது சார்." மியாவ்தான்.

"என்னது?"

"போட மாட்டேன், சார்!" அறையே திரும்பிப் பார்த்தது. "மருந்து உறைஞ்சு கெட்டுப்போச்சு. ஐஸை அப்படியே வெச்சது நான்தான். தப்பு என்னோடது. ஆனா போட மாட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "படத்துக்கு ஒரு குழந்தைக்கு மட்டும் போடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"இந்த அம்மாவுக்கே தெரியும் சார். இப்பத்தானே சொன்னேன்."

அந்த அம்மா குழந்தையின் தொடையைக் கையால் மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். இயக்குநர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க வளர்த்த லட்சணமா இது?"

"ஆமா சார். நல்லா வளர்ந்திருக்கால்ல?" என்றாள் அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் நல்ல மருந்து வந்தது, முணுமுணுத்த அம்மாக்களும் ஒருவர் விடாமல் வந்தார்கள். கூடவே உத்தரவும் வந்தது. பூனைக்கு மாற்றல், அக்காவைத் தூக்கியடித்த அதே மலைக்கு. அக்காவின் நாற்காலிக்கு இயக்குநருக்குத் தலையாட்டும் ஒருவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் நாற்காலியே போச்சேக்கா!"

"நாற்காலி கிடக்குது போ. என்னை மாத்தி மாத்தி ஊர் ஊரா பரப்பினாங்க. இப்ப இவளைப் பரப்பறாங்க. நல்லா பரப்பட்டும்!" என்றாள் அக்கா.

பூனை விடைபெற வீட்டுக்கு வந்தாள். அத்தான் உள்ளே போய்க் கயிற்றுச் சுருளை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

"அவிழ்த்ததும் தூக்கிப் போட்டுடாதம்மா. உனக்கு நிறைய வேலை இருக்கு."