510510-ம் அதற்கு அடுத்த எண்ணும்

மலேசியாவில் பண்டார் பாரு ஊருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடும் வேலை எனக்கு. கண்ணாடிக் கூண்டுக்குள் நான் ஒருத்திதான். பழக்குலைகளோடு லோரி எடை மேடையில் ஏறியதும் டிக்கெட் அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவேன். அதில் ஆறு இலக்க வரிசை எண் இருக்கும்.

ஆலையின் லேப்பில் எண்ணெய் சோதிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். சாப்பாட்டு நேரத்தில் கூண்டுக்கு வந்துவிடுவாள். அன்றைய டிக்கெட் எண்களை எதால் வகுக்கலாம் என்று போட்டி போடுவோம். ஒருநாள் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“அக்கா, ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு. இந்த ஏழு பகா எண்ணையும் பெருக்குனா 510510. அந்த ஏழு எண்ணாலயும் மிச்சமில்லாம வகுபடும்லா. இதைவிடச் சின்ன எண் எதுவும் அப்படி வகுபடாது.”

அப்போது டிக்கெட் நாலு லட்சத்துச் சொச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த எண் வரும் நாளில் சேர்ந்து பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். நான் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் 510510 வந்தது. உடனே அவளுக்கு போன் போட்டேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“வந்துடுச்சு,” என்றேன்.

“எது, அக்கா?”

“அந்த நம்பர். ஏழு பகா எண்ணாலயும் வகுபடுமே.”

“ஓ, அதுவா. நீங்க இன்னும் அதெல்லாம் பாக்குறீங்களா? அப்புறம் கூப்பிடுறேன்கா.”

கூப்பிடவில்லை.

அடுத்த லோரி லூனாஸ் ஊரிலிருந்து வரும் டிரைவருடையது. வருஷக்கணக்காக வருகிறவர். 510511 டிக்கெட்டை நான் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, “என்னம்மா, எடை தப்பா?” என்றார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. “இல்லண்ணே. முன்னாடி போன நம்பர் முதல் ஏழு பகா எண்ணாலயும் வகுபடும். இது ரெண்டுலேருந்து பதினேழு வரைக்கும் எதாலயும் வகுபடாது. அந்த ஏழுல எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும்.”

அவர் எஞ்சினை அணைத்தார். “சரி, பதினேழுக்கு மேல?”

அதை நான் யோசித்ததே இல்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. லோரிகள் வரவில்லை. ஒரு தாளில் 510511-ஐப் பத்தொன்பதால் வகுத்துப் பார்த்தேன். மிச்சமில்லாமல் போனது. கிடைத்த 26869 எதற்கும் மசியவில்லை. கடைசியில் தொண்ணூற்றேழில்தான் உடைந்தது. மிஞ்சிய 277 எதாலும் வகுபடவில்லை. சோற்று டப்பாவைத் திறக்கும்போது மணி மூன்று. அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டேன்.

மறுநாள் லூனாஸ்காரர் மேடை ஏறியதும், “பத்தொம்பதால வகுபடுதுண்ணே,” என்றேன்.

“அப்படியா. வேற?”

“தொண்ணூத்தேழு. அப்புறம் எரநூத்தி எழுபத்தேழு.”

பின்னால் நின்ற லோரி ஹாரன் அடித்தது. பொறு என்று அவர் அதற்குக் கையைக் காட்டிவிட்டு, மூன்று எண்களையும் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.