ஏழு மணிக்கு ஜன்னலைத் திறக்கும் ஊர்

அமெரிக்காவைக் குறிவைத்து எங்கள் ஊரில் செய்த ஏவுகணைகளில் பாதி என்னுடையவை. கொஞ்சம் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தினேன், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு எது எரியும், எது வெடிக்கும் என்று முதலில் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். மீதிப் பாதி நாலாம் நம்பர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எந்த ஏவுகணையாவது பழுதாகிக் கிடந்திருந்தால் அது அவர்கள் செய்ததாக இருக்கும்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். நாற்பது வருஷம் சொல்லாமலே பழகிய வாய். காமா நதிப் பக்கம் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது கபிதோலினா மக்ஸீமொவ்னாவின் கதை. பக்கத்து வகுப்பறையில் ஆங்கிலம் நடத்தியவள். ஊருக்கு அவள் கபிதோலினா மக்ஸீமொவ்னா, எனக்குக் காபா. இதை எழுதும்போது என் சமையலறையில் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கிறாள். ஒரு தாள் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படிக்கிறாள். உதட்டைச் சுழித்துவிட்டுத் திருப்பித் தருகிறாள்.

வெளிநாட்டுக்காரன் ஒருவன்கூடக் கால் வைக்கக் கூடாத ஊர் எங்களுடையது. அங்கே ஆங்கில ஆசிரியையாக இருப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். பெர்ம் நகரத்தில் காபாவுக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒரு ஆங்கிலேயனையும் பார்த்ததில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் பார்த்ததில்லை என்றுதான் கேள்வி. லண்டன் வானொலியைத் திருப்பினால் குன்றின் மேல் அரசாங்கம் வைத்திருந்த கோபுரம் ஓநாய் மாதிரி ஊளையிட்டு அதை அமுக்கிவிடும். காபாவிடம் இருந்தது ஒரே ஒரு கிராமபோன் ரிக்கார்டு. மாஸ்கோவில் செய்தது. அதில் ஒரு கனவான் நிதானமாகப் பேசுவார்: "நான் காலையில் ஏழு மணிக்கு எழுந்திருக்கிறேன். ஜன்னலைத் திறக்கிறேன். உடற்பயிற்சி செய்கிறேன்." மூவாயிரம் பிள்ளைகள் அந்தக் கனவானோடு சேர்ந்து ஏழு மணிக்கு எழுந்தார்கள். படித்த ஆங்கிலம் எல்லாம் மறந்துபோன பிறகும் அது மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

அவள் ஏன் ஆங்கிலம் படித்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். விண்ணப்பத்தில் "எதிரியின் மொழியை அறிவது என் கடமை" என்று எழுதியிருந்தாள். அது விண்ணப்பத்துக்கு. நிஜம் வேறு.

நாற்பத்து மூன்றாம் வருஷத்துக் குளிர்காலம், அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா போர்முனையில். அம்மா குண்டுத் தொழிற்சாலையில் பகலும் இரவுமாக. இரண்டு தம்பிகளும் பசியால் முகம் வீங்கிக் கிடந்தார்கள். அம்மா ஒரு நாள் மேலங்கிக்குள் ஒரு டின்னை வைத்துக் கொண்டுவந்தாள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பன்றிக் கறி. ஜெர்மானியனுக்கு எதிராக இரண்டாவது போர்முனையைத் திறக்கிறேன், திறக்கிறேன் என்று அமெரிக்காக்காரன் இழுத்தடித்த காலம் அது. அதனால் எங்கள் ஆட்கள் அந்த டின்னுக்கே இரண்டாவது போர்முனை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"வாங்கடா, இரண்டாவது போர்முனையத் திறப்போம்," என்று அம்மா கத்தியை எடுத்தாளாம்.

உருளைக்கிழங்குத் தோல் கொதிக்கும் தண்ணீரில் நாளுக்கு ஒரு கரண்டி. பதினொரு நாள் வந்தது. தம்பிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். காலி டின்னின் மேலிருந்த அந்நிய எழுத்துகளைக் காபா அடுப்புக்கரியால் சுவரில் பார்த்து எழுதினாள். ஒஹாயோ. அவள் எழுதிய முதல் ஆங்கிலம் அது.

போர் முடிந்து நாலைந்து வருஷத்துக்குள் டின் அனுப்பியவன் எதிரியாகிவிட்டான். அந்த டின்னைப் பற்றி வாய் திறப்பதுகூட நல்லதில்லை என்று ஆயிற்று. காபா அதை எறியவில்லை. செய்தித்தாள் சுற்றி, சாக்பீஸ் போட்டு, வகுப்பு மேசையில் வைத்துக்கொண்டாள். தாள் கிழிந்தால் புதுத் தாள். மேலே ஏகாதிபத்தியத்தைத் திட்டும் தலையங்கம், உள்ளே ஒஹாயோ.

"ஒரு நன்றி பாக்கி இருக்கு ரிம்மா," என்று பள்ளி விட்டு நடக்கும்போது ஒரு நாள் சொன்னாள். "அவங்க பாஷையிலேயே சொல்லணும்."

"யாருகிட்டடி போய்ச் சொல்லுவே? இங்க காக்கா வர்றதுக்கே அனுமதிச் சீட்டு கேக்கறான்."

"தெரியாது. வந்தா சொல்ல வார்த்தை தயாரா இருக்கணும்ல."

முப்பது வருஷத்துக்கு மேல் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தாள். எண்பத்தெட்டாம் வருஷம் கோடையில் வந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, முப்பது பேர். இரண்டு நாட்டுத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு வகை ஏவுகணையை இனி யாரும் செய்யக் கூடாது, இருப்பதையும் உடைத்துப்போட வேண்டும். நாங்கள் ஒழுங்காக இருக்கிறோமா என்று பார்க்க அமெரிக்கர்கள் தொழிற்சாலை வாசலிலேயே குடிவந்தார்கள். வெளியே போகும் ஒவ்வொரு ரயில் பெட்டியையும் நீளம் அளந்தார்கள். எங்கள் ஆட்கள் இதேபோல அமெரிக்காவில் ஒரு வாசலில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார்களாம்.

ஊருக்கு உத்தரவு வந்தது: மரியாதையாக நடந்துகொள்ளவும்.

எங்கள் ஊர் மரியாதை தெரிந்த ஊர். வந்தவனிடம் அவன் பாஷையில் இரண்டு வார்த்தை பேசுவதுதானே மரியாதை? அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் டெல்பர்ட் ரொட்டிக் கடைக்கு வந்தபோது, கடைக்கார நூர்ஸியா நிமிர்ந்து நின்று, "நான் காலையில் ஏழு மணிக்கு எழுந்திருக்கிறேன். ஜன்னலைத் திறக்கிறேன்," என்று ஆங்கிலத்தில் முழங்கினாள். முடிவெட்டுகிறவனும் கத்தரியைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னான். தொழிற்சாலை வாசல் காவலாளி விறைப்பாக நின்று சொன்னான். பேருந்து நடத்துநர் சொன்னாள். அமெரிக்கர்களின் முகம் ஒவ்வொரு முறையும் வெளுத்துப்போயிற்று.

காட்டிய மரியாதை பலிக்கவில்லையே என்று கேட்க நூர்ஸியா கடையில் வரிசையில் நின்ற காபாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கபிதோலினா மக்ஸீமொவ்னா, நீங்க சொல்லிக்குடுத்தத ஒரு எழுத்து பிசகாமச் சொன்னேன். அந்தாளு பேயறஞ்ச மாதிரி நின்னுட்டு, ரொட்டியக்கூட வாங்காமப் போயிட்டான். எந்த ஊரு பாஷையம்மா எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன். காபா சிரிக்கவில்லை. தன் முறை வரும் முன்பே வரிசையை விட்டு வெளியே போய்விட்டாள். என்னிடம் நாலு வார்த்தை பேச அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

"மூவாயிரம் பிள்ளைங்க ரிம்மா. உலகத்துலயே இல்லாத ஒரு பாஷைய மூவாயிரம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டேன் போல."

"அவனுக்குக் காது மந்தமா இருக்கும்டி."

"முப்பது பேருக்குமா?"

அதன் பிறகு தெருவில் அவளைக் காண முடியவில்லை. தொழிற்சாலை விருந்தில் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தொண்டை கட்டிவிட்டது என்றாள். தலைமையாசிரியர் இக்னாத் பவ்லோவிச் நேராகவே கேட்டார்: "ஆகஸ்ட் மாசத்துலயா தொண்டை கட்டும்?"

"எனக்குக் கட்டும், இக்னாத் பவ்லோவிச்."

செப்டம்பர் முதல் தேதி பள்ளி திறந்தது. மணி அடித்து, பிள்ளைகள் பூங்கொத்துகளைக் கொடுத்து முடித்த நேரம், டெல்பர்ட் தானாகவே அனுமதி கேட்டுக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து நின்றார். ஒட்டடைக்கம்பு உயரம், பெரிய காது. எங்கள் பாஷையில் வாய் திறந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பெருமதிப்பிற்குரிய சீமாட்டிகளே! அடியேன் ஓர் ஐயம் தீர்க்க வேண்டி வந்துளேன். இந்நகரில் காலை ஏழு மணிக்குத் துயில் எழாதோர் எவரேனும் உளரோ?"

இவருக்கு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்தது, புரட்சியின்போது இங்கிருந்து ஓடிப்போன ஒரு கிழட்டு இளவரசியாம். ஊர் முழுக்க இவர் இப்படித்தான் ரொட்டியும் வெண்ணெயும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நாற்பத்தொரு பேர்," என்றார் கையை விரித்து. "நாற்பத்தொரு பேர் எம்மிடம் ஒரே வாசகத்தை மொழிந்துளர். ஏழு மணி என்பது யாது? ஜன்னல் என்பது யாது? இது சங்கேதமோ என எம் அதிகாரிகள் இரு வாரங்களாக உறக்கம் இழந்துளர்." தினமும் ஏழு மணிக்குத் தொலைநோக்கியோடு ஓர் ஆள் எங்கள் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றும் சொன்னார். இல்லை, அந்தத் தொலைநோக்கி நான் சேர்த்தது.

காபா எழுந்தாள். சால்வையை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். நெஞ்சை நிமிர்த்தி அந்த வாக்கியங்களை ஆங்கிலத்தில் முழுதாகச் சொன்னாள், உடற்பயிற்சி வரைக்கும். பிறகு ரஷ்ய மொழியில் கேட்டாள்: "இதுல எவ்வளவு புரிஞ்சுது உங்களுக்கு?"

"ஒவ்வொரு சொல்லும், அம்மணி! தெள்ளத் தெளிவாக. புரியாதிருப்பின் யாம் நிம்மதியாக உறங்கியிருப்போமே!"

அறை சிரிப்பில் குலுங்கியது. இக்னாத் பவ்லோவிச்கூட மூக்கைச் சிந்துவது போலத் திரும்பிக்கொண்டார். காபா மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மற்றொன்றும் வினவலாமா?" என்றார் டெல்பர்ட். "ஜன்னலைச் சொல்லும் முன் எல்லோரும் ஒரு விக்கல் விக்குவதேன்? தாங்களும் விக்கினீர்."

"அங்க ஆங்கிலேயருங்க மூச்சு வாங்குவாங்க," என்றாள் காபா. "ரிக்கார்டுல அந்தக் கனவான் வாங்குறாரே." அவர் இல்லை என்று மெல்லத் தலையாட்டினார். அவள் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். ரிக்கார்டில் ஒரு கீறல். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு ஊரே அந்தக் கீறலைச் சேர்த்துப் படித்திருக்கிறது.

அழுவாளோ என்று பயந்து நான் எழுந்தேன். அவள் விறுவிறுவென்று வகுப்பறைக்குப் போய் அந்த டின்னோடு திரும்பி வந்தாள். சாக்பீஸைக் கொட்டினாள். செய்தித்தாளைக் கிழித்தாள். டின்னை இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்து, நாலைந்து வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஒஹாயோ காதில் விழுந்தது, தம்பிகள் பெயர் விழுந்தது. ஒரு இடத்தில்கூட அவள் விக்கவில்லை.

அவர் டின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெரிய காதுகள் சிவந்துபோயின. இளவரசியின் ரஷ்ய மொழி எங்கோ போய்விட்டது. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்னடி சொல்றாரு?" என்றேன்.

"அவரு அப்பப் பொறக்கவே இல்லையாம். ஒஹாயோவுக்குப் போனதும் இல்லையாம். ஆனா ஊருக்குப் போனதும் அங்க போய்ச் சொல்றேங்கறாரு. யாருகிட்டச் சொல்லணும்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்னே?"

"வயசான யாருகிட்ட வேணா சொல்லுங்கன்னேன்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் "ஒவ்வொரு சொல்லும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ரொட்டிக் கடையில் நுழைந்து, "நூர்ஸியா, அது இங்கிலீஷ்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த ஏவுகணைகளை உடைத்துப்போட்டார்கள். என் பிள்ளைகள் அவ்வளவு ஒழுங்காகப் படித்துச் செய்த ஒன்றுகூட யார் தலையிலும் விழவில்லை. தன் மாணவர்களின் உழைப்பு வீணானதற்காக நன்றி சொல்லும் ஆசிரியை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த டின்னுக்கும் நன்றி. இளவரசிக்கும், மாஸ்கோக் கனவானுக்கும் நன்றி. கீறலுக்கும் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் ஊரே ஒரே இடத்தில் விக்குமா, இந்த ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் யார் என்று எப்படித் தெரியும்? பழைய ரிக்கார்டு, காலம் போட்ட கீறல்.

கடைசித் தாளைக் காபாவிடம் கொடுத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். இந்த முறை உதட்டைச் சுழிக்கவில்லை.

"காலம் போடல," என்றாள். "நான் வேலைக்குச் சேந்த வருஷம் டிசம்பர்ல ரிக்கார்டப் புதுசாக் கொண்டுவந்தேன். ஒரு தடவைகூடப் போட்டுக் கேக்காம அது மூணு வாரம் ஆசிரியர் அறை அலமாரியில கிடந்துச்சு. புது வருஷ விருந்துக்கு அறுக்கிற பலகை இல்லைன்னு, உறையோட அதை எடுத்து, மேல மீன் ரொட்டிய வெச்சு, கத்தியப் போட்டு அறுத்தவ நீ. அமெரிக்காக்காரரு வந்துட்டுப் போன அன்னைக்கே உறையைப் பாத்துட்டேன். வெட்டு இருக்கு, மீன் எண்ணெய்க் கறையும் இருக்கு. போனாப் போவுதுன்னு இத்தனை வருஷம் சும்மா இருந்தேன். எழுது ரிம்மா, அதையும் எழுது."