சிவப்பு ஊசி போட்ட காலம்

ஆஸ்பத்திரி வாட்டில் ஊசி போடுவது இலேசு. ஏன் போடுகிறோம் என்று விளக்குவதில்தான் நேர்ஸ்மார் நாங்கள் களைத்துப்போவோம். வீட்டில் ஒரு நோயாளியை மருந்துக்குச் சம்மதிக்க வைத்தவர்களுக்கு நான் படும் பாடு விளங்கும். எண்பதுகளின் நடுப்பகுதி, கொழும்புக்குப் போக எங்கள் ஆட்கள் பயந்த காலம். மார்பில் புற்றுக் கட்டியோடு அங்கே ஊசி தொடங்கிய பொன்னம்மா, மிச்சத்தைப் போட வவுனியாவில் எங்கள் வாட்டுக்கு வந்தார். கிளிநொச்சிப் பக்கம் குடியேறி வயல் செய்கிறவர். கூடவே கணவர் செல்லையா.

வேலிச் சண்டை

மருந்து என்ன செய்யும் என்று செல்லையா கேட்டார். உடம்பிலுள்ள கலம், அதாவது செல், இரண்டாகப் பெருக, உள்ளே இருக்கிற டி.என்.ஏ. என்ற முறுக்கு நூல் பிரிய வேண்டும். பிரியப் பிரியச் சிக்குப்படும். நொதியம், அதாவது என்சைம், ஒன்று நூலை வெட்டி, சிக்கெடுத்து, திரும்ப ஒட்டும். மருந்து வெட்ட விடும், ஒட்ட விடாது. நூல் அறுந்த புற்றுக் கலம் செத்துப்போகும் என்றேன்.

"விளங்குது மிஸ்ஸி. எங்கட பக்கத்துக் காணிக்காரனும் இப்பிடித்தான். வேலியை வெட்டேக்க பாத்துக்கொண்டிருப்பான், திரும்பக் கட்டேக்கதான் வந்து மறிப்பான்."

வெளியில் போன சிவப்பு

மருந்து செக்கச் சிவப்பு. அன்றைக்குப் பொன்னம்மாவுக்குச் சலம் கழிக்கையில் அதுவும் சிவப்பாகப் போனது. அது மருந்தின் நிறம், இரத்தமில்லை என்றதும் அவருக்கு உயிர் வந்தது. செல்லையாவுக்கோ கோபம் வந்தது.

"கொழும்பில இருந்து கஷ்டப்பட்டு வந்த மருந்து மிஸ்ஸி. ஒரு பொழுதெண்டாலும் உள்ளுக்கு வச்சிருக்கேலாமப் போச்சே இவளுக்கு!"

நேர்த்தி

பிறகு தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மயிர் வேரிலுள்ள கலங்களும் வேகமாகப் பெருகுகிறவை, மருந்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது, ஊசி முடிந்ததும் முளைக்கும் என்று சொல்லித்தான் இருந்தேன். பொன்னம்மா மிச்சத்தையும் மழித்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அடுத்த ஊசிக்குச் செல்லையா மட்டும் வந்து, "அவள் வரமாட்டாளாம்" என்றார். கட்டி அப்போதுதான் சுருங்கத் தொடங்கியிருந்தது. இடையில் விட்டால் திரும்பவும் வளரும். எனக்கு அழுகை வந்தது. மன்றாடிக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த கிழமை பொன்னம்மா தானாகவே வந்து, கட்டிலில் ஏறிக் கையை நீட்டினார்.

"நேற்றுச் சந்தைக்குப் போகவேண்டி வந்திது. பஸ்ஸில ஒரு மனிசி, எந்தக் கோயிலுக்கு மொட்டை எண்டு கேட்டா. புற்று எண்டு சொல்ல மனம் வரேல்லை. அம்மாளுக்கு நேர்த்திக்கடன், இன்னும் முடியேல்லை எண்டு சொல்லிப்போட்டன். அம்மாளின்ர பேரில சொன்னதைப் பாதியில விடேலாது. குத்துங்கோ மிஸ்ஸி."

மிச்ச ஊசிகளும் போட்டு முடிந்ததும் கட்டி கரைந்தது. கரைந்தது மருந்தால்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மருந்திடம் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது, நான் தொண்டை வற்றக் கதைத்த விஞ்ஞானமல்ல, பஸ்ஸில் சொன்ன ஒரு பொய்.