சென்னிமலையிலிருந்து கோவைக்கு, ஒரு மாத்திரையின் அளவு பார்க்க

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் கோவைக்குப் போய்வந்தோம். ஊர் சுற்ற இல்லை, அவர் ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க. போன வருடம் என் கிட்னி ஒன்றை அவருக்கு வைத்தார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கக் காலை ஒன்பது மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் மாத்திரை. திடீரென்று அளவு எகிறிவிட்டது. இப்படியே போனால் கிட்னி கெட்டுவிடும் என்றார் டாக்டர். மனுஷன் மறந்துபோய் இரண்டு தடவை போடுகிறார் என்றே நினைத்தேன். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காலை 5.10க்குப் பெருந்துறை டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் இல்லை, அவருக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து கோவை பஸ், ஆளுக்கு எழுபது. காந்திபுரத்தில் இறங்கும்போது 7.50. லேபில் 8.50க்கு ரத்தம், அதன் பிறகே மாத்திரை. இந்த வரிசை மாறவே கூடாது.

லேப் அம்மா கண்ணாடி வழியாக, ரத்தத்தில் இருப்பதைப் பிரித்து அளக்கும் எல்.சி. மெஷினைக் காட்டினார். “இந்தக் குழாய்க்குள்ள மருந்து ஒரு நேரத்துல வருமுங்க. ஒடம்பு அத ஒடச்சுப்போட்ட துண்டுக வேற நேரத்துல வரும். போன டெஸ்ட்டுல ரெண்டையும் சேத்து எண்ணியிருக்கலாமுங்க.”

அதை நம்பித்தான் அன்னபூர்ணா ஓட்டலில் நிம்மதியாக இட்லி சாப்பிட்டேன். மூன்று மணிக்கு முடிவு வந்தது. மருந்தேதான் அதிகம். திரும்பி அவரை முறைத்தேன்.

“மருந்து ஒடையாமயே நிக்குதுங்க. என்ன சாப்பிடறாருங்க?” என்று கேட்டார் லேப் அம்மா.

ஒன்றுவிடாமல் சொன்னேன். இரண்டு மாதமாகத் தினமும் என் கையால் பிழிந்து கொடுக்கும் பம்ப்ளிமாஸ் ஜூஸைப் பெருமையாகக் கடைசியில் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“அய்யோ, அதானுங்க! குடல்ல இந்த மருந்த ஒடைக்கறதையே அந்தப் பழம் தடுத்துப்போடும்.”

டாக்டர் மாத்திரையைக் குறைக்கவில்லை, ஜூஸை நிறுத்தச் சொன்னார். அடுத்த வாரம் அளவு இறங்கிவிட்டது. நீங்களும் போவதானால் சாப்பிடுவது அத்தனையையும் எழுதிக்கொண்டு போங்கள். பழத்தையும் சேர்த்து.

அந்த வியாழக்கிழமை திரும்பும் பஸ்ஸில் அவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு அந்தக் கசப்பு ஆகவே ஆகாது, கண்ணு.”

“அப்பறம் எதுக்குங்க குடிச்சீங்க?”

“கிட்னியே குடுத்தவ குடுக்கறா. வேண்டாம்னு சொல்ல வாய் வருமா?”

பெருந்துறை வரும்வரை அவர் கையை நான் விடவில்லை.