என் நட்சத்திரத்துக்கு அண்ணன் செய்த ஹோமம்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

பிறந்தநாளன்று அமைதியாக உட்கார்ந்து நன்றியோடு யோசிக்க வேண்டும் என்று இந்தக் குழுவில் ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். நான் யோசித்தால் அண்ணன் முகம்தான் வருகிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் அப்பா கட்டிய வீட்டை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றவர். அதிலிருந்து பேச்சில்லை. ஊருக்கெல்லாம் ஜாதகம் பார்க்கிறார்.

இன்று என் நட்சத்திரப் பிறந்தநாள். கோவில் கவுண்டரில் பெயரும் அனுஷமும் சொல்லி ஒரு புஷ்பாஞ்சலி கேட்டேன்.

"இந்தப் பேருக்கு இப்பத்தானே சாரே மிருத்யுஞ்ஜய ஹோமம் முடிஞ்சது?"

"யார் செய்தது?"

"உங்க சேட்டன்தான். மாசாமாசம் அனுஷத்துக்கு வருவாரே! இன்னிக்கு என்னமோ, நடையில நின்னு அழுதுட்டார்."

சாவைத் தள்ளிப்போடத்தான் அந்த ஹோமம் என்று உங்களுக்குத் தெரியும். என் ஜாதகம் அவருக்கு மனப்பாடம்.

நன்றி சொல்ல ஃபோனை எடுத்தேன். பேசினால், என்ன பார்த்தாய் என்று கேட்க வேண்டிவரும். வைத்துவிட்டேன்.

உங்களுக்கு யாராவது இப்படிப் பிறந்தநாள் பரிசு தந்திருக்கிறார்களா? சொல்லுங்கள்.

இதைப் பெயர் போடாமல்தான் பதிவிடுகிறேன். எமனுக்கு இன்னொரு முறை நினைவுபடுத்துவானேன்?