மூடி அக்கா கேட்ட நாற்பது மணி நேரம்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை மூடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கியின் கேமராவில் சேரும் இரைச்சலைக் கணக்கிட்டுக் கழிப்பது அவள் வேலை. வேகமாகப் பாயும் துகள்கள் மோதினால் கேமராவின் உலோகமே எக்ஸ்ரேயை உமிழும். பதிவானது வானத்திலிருந்து வந்ததா, கருவியே கிளப்பியதா என்று தெரிய ஒரே வழி, மூடியைப் போட்டுவிட்டுப் பதிவெடுப்பது. அப்போது வருவதெல்லாம் கருவியின் இரைச்சல் மட்டுமே. அந்த நேரத்தைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"இவ்வளவு பாடுபட்டு மேல அனுப்பினது கண்ணை மூடிக்கிட்டு உட்காரவாம்மா?" என்பார் நேரம் ஒதுக்கும் குழுவின் தலைவர். கூட்டமே சிரிக்கும். மூடிய பதிவு எடுத்து மூன்று வருடமாகிவிட்டது.

அவளுக்கு எதிர் மேசையில் பதினான்கு வருடமாக ஒரு தோழி. விண்மீன் திரள்களுக்கு நடுவே பரவிய சூடான வாயுவை ஆராய்பவள். ஒரு நாள் காலை நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து தன் வரைபடத்தைக் காட்டினாள். அதில் அந்த வாயுவின் எக்ஸ்ரேக்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு மேடு. ஒன்பது வருடமாக அவள் தேடியது.

மூடி அக்கா அந்த மேட்டின் மேல் விரலை வைத்தாள். துகள்கள் மோதும்போது கேமராவின் மின்சுற்றுப் பலகையிலுள்ள செம்பும் வரைபடத்தில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் ஒளிரும்.

"செம்பைக் கழிச்சாச்சுல்ல?" என்றாள் தோழி.

"கழிச்சது மூணு வருஷத்துக்கு முந்தின அளவுடி. இப்ப கூடியிருக்கலாம்."

"கூடியிருக்கா?"

"தெரியல. நாப்பது மணி நேரம் மூடிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

இருவரும் சேர்ந்து போய்க் கெஞ்சினார்கள். தலைவர் ஒருவழியாக இறங்கிவந்து, ஆறு வாரம் தள்ளி நேரம் கொடுத்தார். அந்தத் தேதிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது கேமராவுக்கு மின்சாரம் தரும் பகுதி செத்துப்போனது. பொறியாளர்கள் ஒரு மாதம் கட்டளைகளை அனுப்பிப் பார்த்தார்கள். பதிலே இல்லை.

இரைச்சல் சரியாகக் கழிக்கப்பட்டது என்று மூடி அக்கா கையெழுத்துப் போட்டால்தான் கட்டுரை வெளியாகும். இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பேனாவை எடுக்கவில்லை. தோழி சண்டை போடவில்லை. "நீ போடாத இடத்துல வேற யார் போட்டாலும் எனக்கே நம்பிக்கை வராது" என்று சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். அடுத்த மாதமே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டாள்.

"போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் கணவர், துணி மடித்துக்கொண்டே.

"பொய்யா இருந்தா?"

"உண்மையா இருந்தா?"

அவளும் ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியின் வீட்டுக்குப் போனாள். தோழி தேநீர் கொடுத்தாள். கூரை ஒழுகுவதைப் பற்றியும் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினாள். கிளம்பும்போது மட்டும், "அடுத்த தொலைநோக்கி எப்ப போகும்?" என்று கேட்டாள்.

"இருபது வருஷமாவது ஆகும்."

"அப்ப நாம எழுபதைத் தாண்டியிருப்போம்" என்று சொல்லிவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்றாள்.

திங்கட்கிழமை மூடி அக்கா, மூடிப் பார்க்காமல் போன அந்த மூன்று வருடத்துப் பதிவுகளைத் திறந்தாள். செம்பு ஒளிரும் இடத்தில் யார் எதைக் கண்டிருந்தாலும் இனி நம்ப முடியாது. ஒவ்வொன்றின் எதிரிலும் 'சந்தேகம்' என்று குறித்துக்கொண்டே வந்தாள். தோழியின் பதிவு பதினேழாவதாக இருந்தது. அதற்கும் குறித்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள்.